சொருகி மடித்த துப்பட்டி

"உங்க அஜீஸக்கா மாப்பிள்ளை கையில சட்டையக் குடுத்து மடிக்கச் சொன்னுச்சாமே? சரியா மடிக்கலைன்னு எந்திரிச்சுப் போகச் சொல்லிருச்சாம்ல?"

தோஹாவில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது முகமது யாசின் இப்படிக் கேட்டான். அவனும் திண்டுக்கல்காரன்தான். இதை அவனுக்குச் சொன்னது அவன் மனைவி. அவளுக்குச் சொன்னது பேகம்பூரில் மாவு மில்லில் நின்றிருந்த யாரோ. இப்படி வாய் மாறி வாய் மாறி வரும் செய்தி கடலைத் தாண்டும்போது கொஞ்சம் ஊதிப் பெருத்திருக்கும் என்பது தெரிந்ததுதான். ஆனாலும் என் பெரியத்தா மகள் அஜீஸுன்னிசாவைத் தெரிந்த எவரும் "சேச்சே, அப்படியெல்லாம் இருக்காது" என்று சட்டென்று சொல்லிவிட மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. "விசாரிக்கிறேன்" என்றேன்.

யாசின் மாப்பிள்ளை என்றது சித்தையன்கோட்டை அக்மலை. அக்காவின் ஒரே மகள் பர்ஹானா, வந்த சம்பந்தங்களையெல்லாம் மூக்கு சரியில்லை, பேச்சு சரியில்லை என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தவள், முதல்முறையாக "இது சரிம்மா" என்று தானாக வாய் திறந்து சொன்ன இடம் அது. அது ஒரு சட்டையால் போய்விடுமா?

அக்கா, பர்ஹானா, அக்காவின் கணவர் பக்ருதீன் மச்சான் என்று மாற்றி மாற்றிப் பேசினேன். மூவரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தபோது, யாசின் சொன்னதில் சட்டை மட்டும்தான் உண்மை என்று தெரிந்தது. நடந்தது அதைவிட மோசம்.

அதைச் சொல்வதற்கு முன் அக்கா வீட்டுத் துணிச் சட்டத்தைச் சொல்ல வேண்டும்.

மச்சான் தோல் ஷாப்பில் மேஸ்திரி. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்றுதான் சொல்வார்கள். அந்த வாடை துணியில் ஏறினால் ஒரு அலசலில் போகாது. பக்கத்தில் கிடக்கும் துணியையும் விடாது. கல்யாணமான புதிதில் தன்னுடைய பட்டுச்சேலையை முகர்ந்து பார்த்து, அதில் மச்சானின் ஷாப்பு வாடை வீசிய அன்றே அக்கா சட்டம் போட்டுவிட்டாள். ஷாப்பு துணிக்குத் தனி வாளி, மொட்டைமாடியின் கடைசியில் தனிக் கொடி, மாடிப்படிக்கு அடியில் தனி அலமாரி. ஷாப்பு துணியும் ஜும்மா துணியும் ஒருநாளும் ஒன்றையொன்று தொடக் கூடாது. அதுவரை தொட்டதும் இல்லை.

இரண்டாவது காரணம் தண்ணீர். பேகம்பூர்க் குழாயில் அது தினமும் வருவதில்லை. வருகிற நாளில் வீட்டு மொத்தத் துணியும் நனைந்தாக வேண்டும். துவைப்பது பெரிய காரியம் இல்லை, காய்ந்த பிறகுதான் வம்பு என்பாள் அக்கா. அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் கொட்டினால் அது மலையாகிவிடும். அப்புறம் மடிக்கலாம் என்று ஒதுக்கிவைத்தால், அந்த மலையிலிருந்தே ஆளாளுக்கு உருவி உடுத்திக்கொண்டு போவார்கள். மலை கரைவதற்குள் அடுத்த தண்ணீர் வந்துவிடும்.

அதனால் அவள் கொடியிலேயே மடித்துவிடுவாள். காயப்போடும்போதே ஆள் வாரியாகத்தான் போடுவாள். மச்சானுடையது முடிந்த இடத்தில் பர்ஹானாவுடையது தொடங்கும். சட்டையை எடுக்கும்போது மேல் பட்டனை மட்டும் போட்டு, நெஞ்சோடு சேர்த்துவைத்து, கை இரண்டையும் பின்னால் தள்ளி, நடுவில் ஒரு மடிப்பு. முடிந்தது. கைலிக்கு இரண்டு முனையையும் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொள்வாள். "அவ வாய மூடியிருக்கிற நேரம் அது ஒண்ணுதான். அதுக்காகவே நான் நெறையக் கைலி கட்டுறேன்" என்பார் மச்சான். மடித்தது மடித்தது இடது தோளில் ஏறும். படியிறங்கி வரும்போது துணி நேராக அலமாரிக்குப் போகிற நிலையில் இருக்கும். கட்டிலைப் பார்க்காது.

அலமாரியில் மடிப்பின் முதுகு வெளியே தெரிய வேண்டும். துவைத்து வந்தது அடியில் போகும், எடுப்பது மேலிருந்து. அப்போதுதான் ஒரே சட்டை திரும்பத் திரும்பத் துவைபட்டு நைந்துபோகாது. "இழுத்தா ஒண்ணுதான் வரணும். கூட ஒண்ணு தொத்திக்கிட்டு வந்துச்சுன்னா தப்பு இழுத்தவுக மேல இல்ல, மடிச்சவ மேல" என்பாள்.

இதெல்லாம் நல்லதுதான். கெட்டது ஒன்று உண்டு. பிறர் மடித்ததைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்காது. தங்கை வீட்டுக்குப் போனாலும் பேசிக்கொண்டே நாற்காலியில் கிடக்கும் துணியை எடுத்து உதறி, தன் மாதிரிக்கு மடித்து வைத்துவிடுவாள். ஒருமுறை துணிக்கடையில் தான் பார்த்த சுடிதாரையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டு எழுந்தபோது, கடைக்காரர் "அக்கா, நாளைக்கே வேலைக்கு வந்துருங்க" என்றார். அவர் எரிச்சலில் சொன்னார். இவள் ஊர் முழுக்கப் பாராட்டாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இனி, சட்டை மடித்த அந்த நாள்.

அக்மலின் தாய் நஜ்முன்னிசாவும் அக்மலும் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. வட்டலப்பம் வந்து, பலகாரம் வந்து, பேச்சு கல்யாண மண்டபம் வரைக்கும் போய்விட்டது. அப்போது சிறுமலைப் பக்கம் வானம் கறுத்து, ஜன்னல் கதவு படாரென்று அடித்தது. அக்காவுக்குப் பேச்சில் காது போகவில்லை. மாடியில் கொடி நிறையத் துணி.

"என்னம்மா, மேல துணி கெடக்கா?" என்றார் நஜ்முன்னிசா.

"கெடக்குக்கா. செத்த நேரம் இருங்க, ஓடி எடுத்துட்டு வந்துர்றேன்."

"ஒத்தையில எப்படி எடுப்ப? வா, நானும் வாரேன்."

வேண்டாம் என்பதற்குள் அவர் படியில் பாதி ஏறிவிட்டார். சேலைமேல் தலையோடு போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியோடு, தூறலில் நின்று கை நிறைய உருவினார். மடிக்க நேரமில்லை. அன்று முதல்முறையாக அக்கா வீட்டுத் துணி குவியலாகக் கூடத்துக் கட்டிலில் விழுந்தது. நல்லவேளை, துணி நனையவில்லை. நனைந்தது நஜ்முன்னிசாவின் துப்பட்டிதான். அக்கா அதை வாங்கி ஓரமாகப் போட்டுவிட்டுத் தன்னுடைய துப்பட்டியை எடுத்து அவருக்குப் போர்த்திவிட்டாள். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்ற பர்ஹானாவுக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பாதி நிக்காஹ் முடிந்துவிட்ட மாதிரி இருந்ததாம்.

கண்ணெதிரே குவியல் கிடக்கும்போது அக்காவால் சும்மா உட்கார முடியுமா? பேசிக்கொண்டே மடிக்கத் தொடங்கினாள். நஜ்முன்னிசாவும் கட்டிலின் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு கைலியை எடுத்தார். அக்மலும் சும்மா இருக்கக் கூச்சப்பட்டு ஒரு சட்டையை எடுத்தான். அவனுக்குத் திண்டுக்கல்லில் பேக்கரி.

"தம்பி, இது சட்டையா, முட்டை பப்ஸா?" என்றாள் அக்கா.

"பழக்கதோஷம் மாமி" என்று அவனே அதிகமாகச் சிரித்தான். அந்த நேரம் பார்த்து வாசலில் பலகாரத் தட்டு வாங்க வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பெண்தான் மாவு மில்லுக்குச் செய்தி கொண்டுபோனவள். அவள் பார்த்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததை அவள் பார்க்கவில்லை.

நஜ்முன்னிசாவின் மடிப்பு வேறு மாதிரி. அவர் கணவர் ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி ஏற்றும் லாரிக்காரர். அவருடைய துணி அலமாரியில் இருப்பதைவிடப் பையில் இருப்பதுதான் அதிகம். லாரியில் குலுங்கிக் குலுங்கிப் போகும் பை. அதனால் அவர் வீட்டில் எதையும் நீளவாக்கில் ஒடுக்கி, சுருட்டி, கடைசி முனையை உள்ளே சொருகிவிடுவார்கள். தலையணை உறைக்குள் போட்ட மாதிரிச் சின்னப் பொட்டணமாகிவிடும். தூக்கிப் போட்டாலும் பிரியாது.

அவர் சொருகிச் சொருகிக் கட்டிலில் வைத்தார். அக்கா மண்டப வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டே, அவர் வைத்ததை எடுத்தாள். முனையை இழுத்தாள். உதறினாள். தன் மாதிரிக்கு மடித்து வைத்தாள். அடுத்ததையும் எடுத்தாள். தான் செய்வது அவளுக்கே தெரியவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து பர்ஹானா கண்ணைக் காட்டினாள், கையைக் காட்டினாள், கடைசியில் இருமினாள். "உள்ள தண்ணி இருக்கு, குடிடி" என்றாள் அக்கா.

நஜ்முன்னிசாவின் கை நின்றது.

"ஏம்மா, நான் மடிச்சது அழுக்காயிருச்சா?"

அப்போதாவது அக்கா நிறுத்தியிருக்கலாம். அவள் சிரித்துக்கொண்டே, "அப்படி இல்லக்கா. எங்க அலமாரிக்கு இது நிக்காது" என்றாள்.

அதன்பிறகு மண்டபப் பேச்சு எடுபடவில்லை. மழை விட்டிருந்தது. "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று நஜ்முன்னிசா எழுந்தார். போகிற அவசரத்தில் யாருக்கும் துப்பட்டி ஞாபகம் வரவில்லை. அக்காவின் துப்பட்டி சித்தையன்கோட்டைக்குப் போனது. அவருடையது இங்கே ஈரத்தோடு கிடந்தது.

வாசற்கதவைச் சாத்தியதும் பர்ஹானா பிடித்துக்கொண்டாள். "மாமி மடிச்சத நீ உதறுனியே, அவுக மூஞ்சியில உதறுன மாதிரி இருந்துச்சும்மா!"

"நான் எப்படி உதறுனேன்?"

"அம்புட்டையும் உதறுன!"

"நல்லா மடிச்சு வச்சா அது ஒரு குத்தமா?" என்று அக்கா மல்லுக்கு நின்றாள். ஆனால் குரலில் பிடி இல்லை என்று மச்சான் சொன்னார்.

அடுத்தடுத்த நாள்களில் சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நான் இங்கிருந்து நச்சரித்தேன். "நீங்களே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுருங்கக்கா" என்றேன். "நீ அங்க ஏசியில உக்காந்துக்கிட்டுப் பதறாத அப்பு. வேணாம்னா மறுநாளே என் துப்பட்டியத் திருப்பி அனுப்பியிருப்பாக. இன்னும் வச்சிருக்காகள்ல? அதுல கணக்கு இருக்கு" என்றாள்.

கணக்கு சரிதான். ஆனால் அதே கணக்கு இந்தப் பக்கமும் இருந்தது. துவைத்துக் காய்ந்துவிட்ட நஜ்முன்னிசாவின் துப்பட்டியை இவர்கள் திருப்பி அனுப்பினால், நாங்கள்தான் முறித்துக்கொள்கிறோம் என்று ஆகிவிடாதா? பர்ஹானா அனுப்பவே கூடாது என்றாள். "வச்சுக்கிட்டா களவாண்டோம்னு சொல்லுவாக" என்றார் மச்சான். "அடுத்தவுக துணி என் அலமாரியில எந்த அடுக்குல போகும்? எனக்கு இருப்புக் கொள்ளல" என்றாள் அக்கா. அந்தத் துப்பட்டி மட்டும் தையல் மிஷின் மேல் தனியாகக் கிடந்தது.

இதற்கிடையில் மச்சான் ஒரு வேலையாகக் கொடைரோடு வரைக்கும் பஸ்ஸில் போய்வர வேண்டியிருந்தது. மாற்றுக்கு ஒரு கைலியை அலமாரியிலிருந்து உருவிப் பையில் திணித்துக்கொண்டு போனார். அங்கே அதை உடுத்த வேளை வரவில்லை. திரும்பி வந்து பையைக் கவிழ்த்தபோது கைலி தொப்பென்று தரையில் விழுந்தது. விழுந்தது பிரியவில்லை. அக்காவின் கைக்குத் தப்பி அடியில் போயிருந்த ஒரே ஒரு கைலி. நஜ்முன்னிசா சொருகியது.

அக்கா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டிலில் ஓங்கிப் போட்டுப் பார்த்தாள். பிறகு பர்ஹானாவிடம் நீட்டி, "இந்தா, தூக்கிப் போடு" என்றாள். பர்ஹானா வீசினாள். சுவரில் பட்டு விழுந்து அப்படியே கிடந்தது.

"பஸ்ஸுல போயிட்டு வந்திருக்கு, மடிப்புக் கலையல பாரு" என்றாள் அக்கா. கைலியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "என் மடிப்புன்னா பஸ் ஸ்டாண்டு தாண்டறதுக்குள்ள கலைஞ்சிருக்கும். அது அலமாரிக்கு. இது பைக்கு. அதத்தான் உதறித் தொலைச்சிருக்கேன்."

"இப்பயாவது தெரிஞ்சுச்சே" என்றாள் பர்ஹானா.

"நீ சும்மா கெட. தெரிஞ்சா என்ன செய்யணும்னும் எனக்குத் தெரியும்."

அக்கா கைலியை மெல்லப் பிரித்தாள். ஒவ்வொரு மடிப்பாக, எது எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தாள். பிறகு திரும்ப மடித்தாள். முதலில் வந்தது பொட்டணம் இல்லை, மூட்டை. அடுத்தது பார்க்க நன்றாக இருந்தது, தூக்கியதும் வாயைப் பிளந்தது. மச்சான் சிரித்தார். அவர் தலைமேல் ஒரு துண்டு பறந்தது. சொருகுவதற்கு முன் கடைசிச் சுற்றைக் கொஞ்சம் குறுக்கலாகப் பிடிக்க வேண்டும் என்பது பிடிபட்டதும் கைலி வழிக்கு வந்தது. அப்புறம் துப்பட்டி. மெல்லிய மல் துணி, வழுக்கும். அதற்கு இஸ்திரி போட்டு, கூடத்தில் யாரையும் நடக்கவிடாமல் தரையில் பாய் விரித்து மடித்தாள். கடைசியில் கைக்குள் அடங்குகிற ஒரு வெள்ளைப் பொட்டணம் வந்தது. நஜ்முன்னிசாவே மடித்த மாதிரி.

"இதக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க" என்று மச்சானிடம் கொடுத்தாள்.

"குடுத்துட்டு என்ன சொல்லணும்?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். தண்ணி குடுத்தா குடிச்சிட்டு வாங்க. என் துப்பட்டியக் கேக்காதீங்க."

"அவுகளாக் குடுத்தா?"

அவர் கையிலிருந்த பொட்டணத்தின் சொருகலை அக்கா ஒருமுறை அழுத்திவிட்டாள். "குடுக்க மாட்டாக" என்றாள்.

மச்சான் பைக்கில் சித்தையன்கோட்டைக்குப் போய்வந்தார். வந்ததும் பர்ஹானா அவரைச் செருப்புக்கூடக் கழற்றவிடவில்லை.

"வாங்குனாக. பிரிக்கல. அப்படியும் இப்படியும் திருப்பிப் பாத்தாக. சொருகுன எடத்துல வெரல விட்டுப் பாத்தாக. 'இத யாரு மடிச்சா?'ன்னாக. எங்க வீட்டுலதான்னேன். அப்படியே உள்ள எடுத்துட்டுப் போயிட்டாக."

"துப்பட்டி?"

"அத யாரும் பேசல."

"அப்பச் சரி" என்றாள் அக்கா. ஆனால் அன்று முழுக்க அவள் போனை இடுப்பை விட்டு இறக்கவில்லை என்று பர்ஹானா எனக்குச் சொன்னாள்.

மறுநாள் தண்ணீர் வந்தது. துவைத்தார்கள், காயப்போட்டார்கள். சாயங்காலம் அக்காவின் கவனம் எங்கோ இருந்ததால், துணியெல்லாம் நேராக அலமாரிக்குப் போகாமல் தோளிலிருந்து இறங்கிக் கட்டிலில் வரிசையாக நின்றது, ஷாப்பு துணி மட்டும் தனியாகத் தரையில். அந்த நேரம் நான் பர்ஹானாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். ஏதாவது தகவல் வந்ததா என்று தினமும் கேட்பதுதான். அவள் போனை ஜன்னல் திட்டில் சாய்த்துவைத்திருந்தாள். அக்கா மடிப்பு முதுகுகளை உள்ளங்கையால் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கு ஒவ்வொன்றும் செங்கல் வைத்த மாதிரி இருந்தது.

வாசலிலிருந்து மச்சான் ஓடிவந்தார். கையில் அவர் போன்.

"அக்மல் தம்பி பேசுனாரு. அவுக அம்மாவுக்கு என்கிட்டச் சொல்ல இஷ்டமில்லையாம். மடிச்சவுககிட்டத்தான் பேசுவேங்கறாகளாம். இப்ப ஒன் போனுக்குப் போடுறாக."

அக்கா இடுப்பில் கை வைத்தாள். போன் இல்லை. மேஜையில் இல்லை. தையல் மிஷின் மேலும் இல்லை.

"கொடியில துணி எடுக்கறப்ப எங்கம்மா வச்ச?"

"தோள்ல, துணியோட..." என்ற அக்கா, கட்டிலைப் பார்த்தாள்.

அதற்குள் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. கட்டிலில்தான், எந்த அடுக்கு என்றுதான் தெரியவில்லை. துணிக்குள்ளிருந்து வந்ததால் சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது. அக்கா குனிந்து ஒரு அடுக்கில் காதை வைத்தாள். அடுத்ததில் வைத்தாள். நடுவில் கையை நுழைத்து ஒரு சட்டையை இழுத்தாள். ஒன்றுதான் வந்தது. அவள் சட்டப்படி சரியாகத்தான் வந்தது. இன்னொன்றை இழுத்தாள். அதுவும் ஒன்றுதான்.

மணி நின்றது.

"போச்சு" என்றாள் பர்ஹானா. "நாங்க எடுக்க மாட்டேங்கறோம்னு நெனைக்கப் போறாக. தள்ளி விடும்மா எல்லாத்தையும்!"

"செத்த பொறு. திரும்பப் போடுவாக."

"போடலைன்னா?"

"என்னை மாதிரிப் பொம்பளதான் அவுகளும். போடாம இருக்க மாட்டாக."

மணி மறுபடி அடித்தது.

அக்கா ஒருமுறை கட்டிலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, இரண்டு கையையும் அகல விரித்து, அடுக்கு அத்தனையையும் ஒரே தள்ளாகத் தரையில் தள்ளினாள். சட்டையும் கைலியும் தாவணியும் துண்டும் ஷாப்பு துணி மேலேயே போய் விழுந்தன. பர்ஹானா வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் சுவரோடு ஒட்டி நின்றார். அக்கா மண்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து உதறி உதறித் தோளுக்குப் பின்னால் வீசினாள். இப்போது மணிச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"இருங்கக்கா, வாரேன், வாரேன்" என்று அவள் துணியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது.